அடுப்பில் எரிந்த பிண்ணாக்கு

ககோவ்கா அணைக்கு முதல் மண்ணை வெட்டிய ஆண்டு அது. அதே வசந்தத்தில்தான் நம் பிலா பால்கா ஊர்த் தண்ணீர்த்தொட்டியின் உச்சியில் நாரை கூடு கட்டி, குஞ்சு பறக்கும்வரை ஊரே கிணற்றுத் தண்ணீர் குடித்தது. அதே கோடையில்தான் கூட்டுப்பண்ணைத் தலைவரின் புத்தம்புது மோட்டார் சைக்கிளை ஓர் ஆட்டுக்கடா முட்டிக் குப்புறத் தள்ளியது. அதே இலையுதிர் காலத்தில்தான், மலையிலிருந்து மாடுகளோடும் மனிதர்களோடும் ஒரு நீண்ட ரயில்...

என்ன தலைவரே, சட்டையைப் பிடித்து இழுக்கிறீர்கள்? ஓ! வணக்கம் சொல்லவில்லையா? பாருங்கள், ரயில் வந்த வேகத்தில் நான் நிலையத்தையே தாண்டிவிட்டேன். இதோ, பின்னால் வருகிறேன்.

சூரியகாந்தித் திருவிழாவின் தலைமை நாற்காலியில் வீற்றிருந்து, பேசுபவர்களின் நேரத்தையும் நாவையும் ஒருங்கே அளக்கும் அவைத் தலைவர் ஒஸ்தாப் அவர்களே! நரைத்த மீசைக்குள் நகைப்பை ஒளித்து வைத்திருக்கும் பெரியோர்களே! விதையைக் கொறித்தபடியே வினாவும் தொடுக்க வல்ல தாய்மார்களே! மாமியார் முதல் வரிசையில் இருப்பதால் கடைசி வரிசைக்குக் குடிபெயர்ந்த மருமகள்களே! பீட்ரூட் மணக்கும் பொல்தாவாவிலிருந்தும், ஆடுகள் நிறைந்த புஜாக்கிலிருந்தும், காடுகள் சூழ்ந்த வடக்கிலிருந்தும் வந்திருக்கும் விருந்தினர்களே! மைதானத்து ஓரத்தில் கட்டப்பட்டு, யாருடைய பேச்சையும் மதிக்காமல் மென்றுகொண்டிருக்கும் கால்நடைச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் வண்டிக்காரன் கோர்தியின் வணக்கம்!

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் கையில் தாள் வைத்திருந்தார்கள். என் கையில் தாள் இல்லை. இருந்தாலும் அது என்னிடம் பேசாது, நானும் அதனிடம் பேசமாட்டேன். சிறுவயதிலிருந்தே எங்களுக்குள் அப்படி ஓர் உடன்பாடு. ஆகவே, நான் கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

சூரியகாந்தியைக் கால்நடைக்குத் தீனியாக்குவதில் எந்த வட்டாரத்து வழி சிறந்த வழி? இதற்குத் தீர்ப்புச் சொல்லத்தான் என்னை மேடையேற்றினார்கள். என்ன துணிச்சல் இவர்களுக்கு! தீர்ப்புச் சொன்ன பிறகு நான் வீட்டுக்கு நடந்து போக வேண்டாமா?

பொல்தாவாக்காரர் என்ன செய்கிறார்? பீட்ரூட் சக்கையில் சூரியகாந்திப் பிண்ணாக்கைப் பிசைந்து வைக்கிறார். மாடு தொட்டியை நக்கி நக்கி மெருகேற்றிவிடுகிறது. புஜாக்குக்காரர் என்ன செய்கிறார்? விதை உதிர்த்த பூத்தலைகளை வயலிலேயே விட்டு, அதன்மேல் ஆட்டு மந்தையை அவிழ்த்துவிடுகிறார். ஆடு அறுவடை செய்கிறது, அவர் மர நிழலில் படுத்துக்கொள்கிறார். சந்தைக்குக் குதிரை ஓட்டிப்போகும் நம் ஊர்க் கில்லாடிகள் என்ன செய்கிறார்கள்? முந்தின சில வாரங்கள் தினம் ஒரு பிடி விதையைக் கொடுக்கிறார்கள். கிழட்டுக் குதிரையின் தோலும் மாப்பிள்ளையின் பூட்சைப்போல மின்னுகிறது. வடக்கத்திக்காரர் என்ன செய்கிறார்...

யார் அது கத்துவது? "நாங்க அதுல மீன் புடிப்போம் தாத்தா!" என்கிறீர்களா? பிடியுங்கள் தம்பி, பிடியுங்கள்! எங்கள் பசுவின் சாப்பாட்டைத் தூண்டிலில் கோத்துத்தான் உங்கள் கெண்டை கொழுத்திருக்கிறது. அடுத்த முறை வரும்போது அந்தக் கெண்டையில் ஒன்றை இந்தக் கிழவனுக்குக் கொண்டுவாருங்கள்; கணக்கு நேராகிவிடும்.

சரி, ரயிலுக்கு வருவோம்.

எல்லைக்கோடு மாறியதால் மலையிலிருந்து பெயர்க்கப்பட்ட மக்கள் அவர்கள். எங்கே கொண்டுபோகிறார்கள் என்றுகூட வழியில்தான் தெரிந்ததாம். கட்டில் கொண்டுவந்தார்களா? இல்லை. பெட்டி கொண்டுவந்தார்களா? கொஞ்சம். ஆனால் ஹவ்ரிலோ என்று ஒரு மனிதர் இருந்தாரே, அவர் தமக்குக் கிடைத்த சரக்குப் பெட்டியில் முக்கால்வாசி இடத்தை மலைப்புல்லால் நிரப்பிக்கொண்டு வந்தார்! மனைவி இறந்த வீடு. மகள் யுஸ்தினா, பசு மாலினா, மலைபோலக் காய்ந்த புல், இவ்வளவுதான் குடும்பம். மகள் உட்கார இடமில்லாமல் அத்தனை தூரமும் புல்மேல் படுத்தே வந்தாள். இறங்கும்போது கூந்தலெல்லாம் காய்ந்த பூ. அதைப் பார்த்து எங்கள் எண்ணெய் ஆலைப் பையன் பனாஸ் வாயைத் திறந்தவன், சூரியகாந்தி அறுவடை முடியும்வரை மூடவில்லை.

வந்தவர்களுக்கு ஊர் என்ன கொடுத்தது? அன்று நம்மிடம் கொடுக்க என்ன இருந்தது? பாதிக் கூரை போட்ட வீடுகள். அவற்றைச் சுற்றி மரமற்ற மண், மண்ணுக்கு மேல் வானம். ஆனாலும் வெறுங்கையோடு வரவேற்கலாமா? பனாஸின் தாய் யவ்தோஹா எண்ணெய் ஆலையில் கூட்டிப் பெருக்குகிறவள், கைம்பெண். அவள்தான் ஆரம்பித்தாள். தன் பங்குக்குக் கிடைத்த பிண்ணாக்கை, வட்ட வட்டமான அந்தக் கல் அப்பங்களை, கைவண்டியில் அடுக்கிக்கொண்டு போய் ஹவ்ரிலோவின் வாசலில் வைத்தாள். அவளைப் பார்த்து வீட்டுக்கு வீடு வைத்தோம். எதற்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? ரொட்டியைக் கொடுத்துவிட்டு, இது தின்பதற்கு என்று யாராவது சொல்வோமா?

அங்கேதான், அன்பர்களே, அங்கேதான் வினை!

அறுவடை முடிந்தது. ஆலை வாசலில் பார்வையாகத் தொடங்கிய பனாஸ் - யுஸ்தினா விஷயம் பேச்சாகி, பேச்சு ஊர்ப்பேச்சாகி, பெண் கேட்டுப் போகும் நாளும் வந்தது. தோளில் பூவேலைத் துண்டு கட்டிக்கொண்டு தூது போனவர்கள் இரண்டு பேர். ஒருவன் கொல்லன் திமிஷ். இன்னொருவன் உங்கள் முன் நிற்கும் நான். தகப்பன் இல்லாத பையன் என்பதால் யவ்தோஹாவும் கூட வந்தாள், தன் கையால் சுட்ட ரொட்டியோடு. அந்த ரொட்டியைப் பெண்ணின் தகப்பன் அறுத்தால் சம்மதம். அறுக்காமல் திரும்பினால் அத்தோடு முடிந்தது. உங்களுக்குத் தெரியாததா?

ஹவ்ரிலோ எங்களை எப்படி வரவேற்றார் தெரியுமா?

"வாங்க வாங்க, சம்பந்தி! ஏன் கதவுகிட்டயே நிக்கிறீங்க? அடுப்புப் பக்கம் வாங்க! அக்கா, நீங்க இங்க. ஏ யுஸ்தினா, தலையணையக் கொண்டா! எங்க மலையில தேவதாருக் கட்டை எரிப்போம். இங்க வந்து பாத்தா, கண்ணுக்கெட்டுன தூரம் ஒரு மரத்தக் காணோம். செத்தோம்னு நெனச்சேன்! ஆனா பாருங்க, உங்க ஊரு வறட்டி மாதிரி எங்கயும் கிடையாது. என்னமா எரியுது! சடசடன்னு! தட்டுன கைக்கு மோதிரம் போடணும்!"

சொல்லிக்கொண்டே குனிந்தார், ஒரு வட்டத்தை எடுத்தார், அடுப்புக்குள் போட்டார்.

குப்பென்று வந்ததே வாசனை! வறுத்த சூரியகாந்தி வாசனை. திமிஷ் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். யவ்தோஹா எழுந்து போய் அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இதையா எரிச்சீங்க?"

"ஆமாக்கா. ஏன்?"

"எல்லாத்தையுமா?"

"இதான் கடைசி. இன்னும் இருந்தா சொல்லுங்க, வண்டி கட்டிட்டு வரேன்."

"யோவ், அது மாட்டுத் தீனிய்யா!" என்று திமிஷ் கத்திவிட்டான்.

ஹவ்ரிலோவின் முகத்தில் அடுப்பின் சிவப்பும் வெட்கத்தின் சிவப்பும் கலந்தன. அந்த நேரத்தில் "தெரியாம செஞ்சுட்டேன்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் இன்று இந்த மேடையில் நிற்கவேண்டியதில்லை. ஆனால் மானமுள்ள மனிதன் வெட்கப்பட்டால் என்ன செய்வான்? குரலை உயர்த்துவான்!

"இதையா மாடு திங்கும்? எங்க மாலினா மோந்துகூடப் பாக்காது! உங்க ஊரு மாட்டுக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதுவும் செருப்புத் தோலா?"

யவ்தோஹா அடுப்புக் கதவைச் சாத்தினாள். மேசைமேல் வைத்த ரொட்டியை எடுத்தாள், துண்டில் சுற்றினாள்.

"பனாஸ், எந்திரிடா."

"அம்மா..."

"எந்திரிடான்னேன்."

"நான் என்ன கோயிலையா கொளுத்துனேன்!" என்று ஹவ்ரிலோ வாசல்வரை வந்து கத்தினார். யுஸ்தினா தலையணையோடு நின்றாள். அதை யாருக்குப் போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவ்வளவுதான், ஊர் இரண்டாகப் பிளந்தது! மேலத்தெரு மலைக்காரர்கள் புல் கட்சி. கீழத்தெரு நாங்கள் பிண்ணாக்குக் கட்சி. கிணற்றடியில் கேட்க வேண்டுமே!

"உங்க வெண்ணெய ரொட்டியில தடவுனா முழங்கை வரைக்கும் ஓடுதுடி! அத நக்கறதுக்கு ஒரு பூனை வளக்கணும்!"

"உங்க வெண்ணெய வெட்டக் கோடாலி வேணும்டி! ஒரு கரண்டிப் பாலு கறந்துட்டு ஊரக் கூட்டுறவளுங்கதான நீங்க!"

"போடி புண்ணாக்கு!"

"ஆமாடி, புண்ணாக்குத்தான்! எரிக்கத் தெரியும், திங்கத் தெரியுமா?"

இதில் இன்னொரு வேடிக்கை என்ன தெரியுமா? இரண்டு பேர் சொன்னதும் உண்மை! பிண்ணாக்கு மட்டுமே தின்ற மாட்டின் வெண்ணெய் இளகித்தான் போகும். காய்ந்த புல் மட்டுமே தின்ற மாட்டின் வெண்ணெய் மெழுகாகத்தான் நிற்கும், மடியும் குளிர்காலத்தில் சுருங்கித்தான் போகும். இரண்டு உண்மைகள் ஒரே கிணற்றடியில் குடத்தோடு மோதிக்கொண்டால், உடைவது குடம்தான்.

பனி விழுந்தது. ரயிலில் வந்த புல் குறைந்தது. நம் சமவெளியில் புல்வெளி ஏது? இருந்த கொஞ்சத்தையும் பண்ணைக் குதிரைகள் தின்றன. மாலினாவின் விலா எலும்பு வெளியே தெரிந்தது. ஹவ்ரிலோ யாருக்கும் தெரியாமல் பிண்ணாக்கு வாங்கி, உலர்ந்த கட்டியை அப்படியே அவள்முன் வைத்துப் பார்த்தார். மாலினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தகப்பனைப்போலவே மாடு! யுஸ்தினாவோ தகப்பனிடம் பேசுவதை நிறுத்தி, சொல்லவேண்டியதை எல்லாம் மாட்டிடம் சொன்னாள். "மாலினா, ஒரு பிடிவாதக்காரருக்கு கஞ்சி ஆறிப்போகுதுன்னு சொல்லு." இங்கே கீழத்தெருவில் பனாஸ் கஞ்சியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டு, வித்தியாசம் தெரியாமல் குடித்துக்கொண்டிருந்தான். ஒரு பசுவும் இரண்டு இளம் மனமும் ஒரே தீனிக்காகப் பட்டினி கிடந்தன என்று சொன்னால் மிகையா? சொல்லுங்கள், மிகையா?

நான் வண்டிக்காரன் அல்லவா? ஒருநாள் காலை மேலத்தெருவுக்கு உமி ஏற்றிப்போனபோது ஹவ்ரிலோ வண்டியை நிறுத்தினார்.

"கோர்தி தம்பி, நீயே சொல்லு. ஒரு மாட்டுத் தீனிக்காக ஒரு கல்யாணத்த நிறுத்துவாங்களா? ஊருல எங்கயாவது உண்டா இது?"

"அது மாட்டுத் தீனி இல்ல மாமா."

"பின்ன என்ன? அந்தக் கொல்லன்தான அன்னிக்குக் கத்துனான்!"

"இப்ப மாட்டுத் தீனி. நாப்பத்தேழுல நாங்க அத மாட்டுக்குப் போடல."

"ஏன்?"

"மாடே இல்ல."

அன்பர்களே, இந்த மைதானத்தில் இளையவர்கள் நிறைய இருக்கிறீர்கள். சிரித்துக்கொண்டே வந்தோம், ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்தப் பஞ்ச ஆண்டில் யவ்தோஹா ஆலைத் தரையைக் கூட்டும்போது, விழுந்த பிண்ணாக்குத் துணுக்கைத் தலைத்துணி மடிப்பில் முடிந்து கொண்டுவந்தாள். பிடிபட்டிருந்தால் சிறை. நீரில் ஊறவைத்து, விரல்நுனி அளவு விரல்நுனி அளவாகப் பிள்ளைகளுக்கு ஊட்டினாள். பனாஸ் பிழைத்தான். சின்னவள் ஒனிசியாவுக்கு அது கிடைத்தபோது மெல்ல வலுவில்லை. ஊறிய பிண்ணாக்கு அவள் வாயிலேயே இருந்தது. இதைத்தான் நான் வண்டிமேல் உட்கார்ந்து அவருக்குச் சொன்னேன்.

ஹவ்ரிலோ என் குதிரையின் பிடரியைத் தடவிக்கொண்டே நின்றார்.

"நாப்பத்தேழுலயா?" என்றார். "அப்ப கிழக்கேருந்து ஜனங்க எங்க மலைக்குக்கூட வந்தாங்க. ரயில் கூரைமேல உக்காந்து வந்தாங்க. எங்க வீட்டுல உருளைக்கிழங்கு குடுத்தோம். எந்த ஊருன்னு கேக்கவே இல்ல தம்பி. கேட்டிருக்கணும்."

அடுத்த ஞாயிறு. பட்டப்பகல். பூவேலைச் சட்டை போட்டுக்கொண்டு ஹவ்ரிலோ புறப்பட்டார். ஒரு கையில் மாலினாவின் கயிறு, கக்கத்தில் மிஞ்சியிருந்த கடைசிக் கட்டு மலைப்புல், பின்னால் யுஸ்தினா. மேலத்தெரு சன்னல் திறந்தது. கீழத்தெரு கதவு திறந்தது. யவ்தோஹாவின் முற்றத்தில் அவள், பனாஸ், திமிஷ், நான். ஏன் நானும் திமிஷும் அங்கே இருந்தோம் என்கிறீர்களா? ஊரில் ஒரு காரியம் நடக்கும்போது நாங்கள் வேறு எங்கே இருப்போம்?

ஹவ்ரிலோ அந்தப் புல்லை யவ்தோஹாவின் பசுவுக்கு முன்னால் வைத்தார். அது மலைப்பூ மணக்கும் புல். எங்கள் மாடு ஆயுளில் பார்த்திராத விருந்து. பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"அக்கா, எங்க மாடு பட்டினி. இத எப்படித் திங்க வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல."

யவ்தோஹா அசையவில்லை.

ஹவ்ரிலோ குனிந்து, தொட்டி ஓரம் கிடந்த பிண்ணாக்குத் துண்டை எடுத்தார். ஊறாதது; கல். அதை நெற்றியில் ஒற்றிக்கொள்ளவில்லை, பிரசங்கம் செய்யவில்லை. வாயில் வைத்தார். கடித்தார்.

டப்!

பிண்ணாக்கு உடையவில்லை, அன்பர்களே. பல் உடைந்தது!

"ஐயோ, பாவி மனுசா!" என்று யவ்தோஹா ஓடிவந்தாள். "ஊறவைக்காமயா திம்பாங்க? மாடுகூட இப்படித் திங்காதே! துப்புங்க, துப்புங்க!"

"துப்ப மாட்டேன்," என்றார் ஹவ்ரிலோ, வாயில் ரத்தத்தோடு. "ஒருதடவ வீணாக்குனது போதும்."

அப்போது யவ்தோஹா சிரித்தாள். அழுதாள் என்று திமிஷ் சாகும்வரை சாதித்தான். சிரித்தாள் என்று நான் சொல்கிறேன். இரண்டையும் ஒரே முகத்தில் செய்யும் ஆற்றல் தாய்மார்களுக்கு உண்டு. இல்லையா, தாய்மார்களே?

கோடாலியின் பின்புறத்தால் பிண்ணாக்கைத் தட்டினாள். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தாள். தன் பசுவின் முன்னிருந்த மலைப்புல்லில் ஒரு பிடியை எடுத்து, நறுக்கி, அதில் கலந்தாள். மாலினா முகர்ந்தாள். தலையைத் தூக்கினாள். தெரு முழுவதும் மூச்சை நிறுத்தியது. மீண்டும் முகர்ந்தாள். தெரிந்த மணம் ஒன்று தெரியாத தீனிக்குள்ளிருந்து கூப்பிட்டிருக்க வேண்டும். முகத்தைத் தொட்டிக்குள் விட்டவள், தொட்டி காலியான பிறகுதான் எடுத்தாள்.

யவ்தோஹா உள்ளே போய், அன்று காலை சுட்ட ரொட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"அறுங்க சம்பந்தி," என்றாள். "பல்லுக்கு மெத்துன்னு இருக்கிற பக்கமா அறுங்க."

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன் தலைவரே!

தீர்ப்பு கேட்டீர்கள். எது சிறந்தது? பீட்ரூட் சக்கையா? ஆட்டு மந்தையா? மலைப்புல்லா? மகத்தான நம் பிண்ணாக்கா? சொல்கிறேன். புதுப்புல் முளைத்த பிறகு நடந்த அந்தக் கல்யாண விருந்தில் பரிமாறிய வெண்ணெய் மாலினாவின் வெண்ணெய். பாதிப் புல், பாதிப் பிண்ணாக்கு. முழங்கைக்கு ஓடவும் இல்லை, கோடாலி கேட்கவும் இல்லை. ரொட்டியில் வைத்த இடத்தில், வைத்த வடிவத்தில், மஞ்சளாக நின்றது. மேலத்தெருவும் கீழத்தெருவும் அதைத் தின்றுவிட்டு, இது எங்கள் பக்கத்து வெண்ணெய் என்று விடியும்வரை சண்டை போட்டன. இனிமையான சண்டை!

ஆகவே, அன்பர்களே, அயலூர்த் தொட்டியைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றும்போது சற்றே நில்லுங்கள்! அங்கே ஊறுவது வெறும் தீனியா? அந்த ஊரின் மண் ஊறுகிறது! அந்த ஊரின் மழை ஊறுகிறது! அந்த ஊர் பட்ட பசி ஊறுகிறது! இவன் மாட்டுக்கு என்ன போடுகிறான் என்று மட்டும் கேட்டால் கேலி பிறக்கும். ஏன் போடுகிறான் என்று கேட்டுப் பாருங்கள், சம்பந்தம் பிறக்கும்! மலைக்காரர் கேட்டிருக்க வேண்டும். நாமும் சொல்லியிருக்க வேண்டும். இனிமேல் கேட்போம்! இனிமேல் சொல்வோம்! கேட்டுக் கேட்டுக் கலப்போம், கலந்து கலந்து கறப்போம்!

கைதட்டாதீர்கள், மாடுகள் மிரளும்.

பொறுமையோடு சட்டையை இழுத்த தலைவருக்கு நன்றி. கொறித்த விதைத் தோலை என்மேல் துப்பாத தாய்மார்களுக்கு நன்றி. கெண்டை தருவதாகத் தலையாட்டிய வடக்கத்தித் தம்பிக்கு, கெண்டை வந்த பிறகு நன்றி. எல்லோருக்கும், எல்லோர் வீட்டுக் கொட்டிலுக்கும் என் வணக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் நின்றவர்களில் ஹவ்ரிலோ போனார், ஓட்டைப் பல்லோடு ஊரையெல்லாம் சிரிக்கவைத்துவிட்டுத்தான் போனார். யவ்தோஹா போனாள். திமிஷ் போனான். மாலினா ஆறு கன்று ஈன்றுவிட்டுப் போனாள். பனாஸ், என் பனாஸ், போன கோடையில் சூரியகாந்தி தலைசாய்க்கும் நேரத்தில் போனான். பேசுகிற என்னை விட்டுவிடுங்கள். மீதி இருப்பது ஒருத்தி. இதோ முதல் வரிசையில், என் பேச்சில் ஒரு வார்த்தையையும் நம்பாதவள்போல உதட்டைச் சுழித்துக்கொண்டு, மடியில் ஒரு தலையணையோடு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். நம் யுஸ்தினா.